வயல் வரை கேட்ட மணி

அப்பா,

இன்று தை அமாவாசை. வயலில் வேலை இல்லை. காலையில் வாய்க்காலில் கை கழுவிவிட்டு முகத்தைத் துடைக்கும்போது உள்ளங்கை மூக்கில் பட்டது. என் அரிவாளின் மரப்பிடி கழன்று போய், கந்தல் துணி சுற்றிய வெறும் இரும்பைப் பிடித்துத்தான் இந்த அறுப்பு முழுவதும் அறுக்கிறேன். இரும்பும் வியர்வையும் கலந்த வாசனை கையில் ஏறிவிட்டது. மண் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. அது உங்கள் கையின் வாசனை. சின்ன வயதில் நீங்கள் எனக்குச் சோறு ஊட்டும்போது சோற்றோடு அதுவும் உள்ளே போகும். கரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று வயலில் ஒன்று நடந்தது. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் நேரே அதற்குப் போக எனக்கு வரவில்லை. நீங்கள் போன பிறகு, ஏதாவது சொல்ல நினைத்தால் முதலில் நம் பள்ளிக்கூடத்தை மனத்துக்குள் ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் வாய் திறக்கிறது.

தஞ்சாவூர் ஊர் முடிகிற இடம், ரயில்வே கேட்டைத் தாண்டியதும் டவுன் பஸ் திரும்பி நிற்கும் திடல். அங்கிருந்து பார்த்தால் நம் பள்ளிக்கூடத்தின் ஒரு முனை தெரியும், மறுமுனை தெரியாது. ஜில்லா போர்டு காலத்து நீள ஓட்டுக் கட்டடம், அதற்குப் பின்னால் வரிசையாகக் கீற்றுக் கொட்டகைகள். ஒவ்வொரு வகுப்பிலும் பிரிவுகள் கூடிக்கொண்டே போய், இடம் போதாமல் இரண்டு பிரிவுகள் வேப்பமரத்தடியில் நடக்கும். ரயில்வே ஆட்களின் பிள்ளைகள், நெசவுக்காரர் பிள்ளைகள், பட்டுக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், பாசஞ்சர் வண்டியில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள், வெண்ணாற்றுக் கரைக் குடிசைகளிலிருந்து வரப்பு வழியாகவே ஓடிவருகிறவர்கள். எங்கள் கொட்டகையில் ஒரே பெஞ்சில் மிராசுதாரின் பங்காளி வீட்டுப் பெண்ணும், அவர்கள் வயலில் நாற்று நடும் காசியம்மாவின் மகள் அஞ்சலையும் உட்காருவார்கள். நடுவில் நான். இரண்டு பேரும் பேச வேண்டியதை என் தலைக்கு மேலாகப் பேசிக்கொள்வார்கள்.

முன்வாசல் ஊரைப் பார்த்தது. பின்பக்கம் சுவரே கிடையாது. விளையாட்டுத் திடல் முடிகிற இடத்தில் ஒரு வரப்பு, அதற்கப்பால் மிராசுதாரின் நெல். அந்தத் திடலும் அவர் கொடுத்ததுதான்.

வாசல் ஓரத்து ஓட்டு வீட்டில் நாம் இருந்தோம். பள்ளிக்கூடத்துப் பியூன் வீடு. உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நீங்கள் மணிக்காரர். புங்கமரக் கிளையில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டும், உங்கள் கையில் இருந்த இரும்புக் கம்பியும்தான் அத்தனை பிள்ளைகளையும் எழுப்பி உட்காரவைத்தன. பாட வேளைக்கு ஒற்றையடி. சோற்றுக்கு விட்டு விட்டு இரட்டையடி. கடைசி மணிக்கு மட்டும் நிறுத்தாமல் கணகணவென்று அடிப்பீர்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகும் பெஞ்சுப் பலகையில் கை வைத்தால் அதிர்வு இருப்பதாக எனக்குத் தோன்றும். அவ்வளவு பெரிய சத்தம் போடுகிறவருக்கு இப்படி ஒரு பெண்ணா என்று வாத்தியார்கள் கேட்பார்கள். ஆட்சி மாறிய பிறகு வருகை எடுக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும் என்று ஆனது அல்லவா? நான் சொல்வது என் காதுக்கே விழாது. தமிழ் ஐயா பாதி நாள் என்னை வராதவளாகப் போட்டுவிட்டு, பிறகு நிமிர்ந்து பார்த்து, “இருக்கியா? இருந்தா இருக்கேன்னு சொல்லேம்மா. இல்லேன்னா இல்லேன்னாவது சொல்லு” என்பார். கொட்டகையே சிரிக்கும்.

அந்த மணி வயலுக்கும் கேட்டது. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அறுக்கிறவர்கள் யார் கையிலும் கடிகாரம் இல்லை. அவர்கள் இடுப்பு நிமிர்த்துவதும், கஞ்சி குடிக்க வரப்பில் உட்காருவதும், கரையேறுவதும் பள்ளிக்கூட மணிக்குத்தான். கூலித் தகராறு வந்து, தேநீர்க் கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடியும் ஏறி, வைக்கோல்போர் ஒன்று எரிந்து, தாலுகா ஆபீசில் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசினார்களே, அப்போது கூலியைக்கூட எப்படியோ முடிவு செய்துவிட்டார்கள். வேலை நேரத்தில்தான் இழுத்தது. மிராசு தரப்பில் கடிகாரத்தைக் காட்டினார்கள். காசியம்மா எழுந்து, “மிராசு வூட்டுக் கடியாரம் மிராசு சொல்றபடிதானுங்களே ஓடும்” என்றாளாம். தாசில்தாரே சிரித்துவிட்டாராம். கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆனது: காலை மணிக்கு வயலில் இறங்குவது, கடைசி மணிக்குக் கரையேறுவது. மணிக்கு முன்னால் கரையேறினால் ஒப்பந்தத்தை மீறியதாகும். அப்புறம் மிராசுதார் வெளியூர் ஆளை இறக்கிக்கொள்ளலாம்.

அன்று அதைக் கேட்டு நீங்கள் வெட்கத்தோடு சிரித்தது நினைவிருக்கிறது. “தாலுகா ஆபீசு வரைக்கும் போயிருக்கே நம்ம தண்டவாளம்” என்றீர்கள்.

அறுப்பு தொடங்கிய மறுநாள் மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் வந்து தலைமையாசிரியர் அறைக்குள் போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் குடத்தோடு நின்றிருந்தேன்.

“இங்க பாருய்யா,” தலைமையாசிரியர் குரல் தணிந்திருந்தது. “அறுப்பு முடியற வரைக்கும் கடைசி மணிய நான் சொல்றப்ப அடி. அதுக்கு முன்னாடி வேணாம்.”

“சரிங்க ஐயா.”

“கொட்டகை எல்லாத்தையும் ஓட்டுக் கட்டடமா கட்டித் தரேங்கறாரு. ஒவ்வொரு ஐப்பசிக்கும் பிள்ளைங்க நனையறத நீயும்தானே பாக்கற?”

“பாக்கறேங்க ஐயா.”

அவர் கெட்டவர் இல்லை, அப்பா. அடைமழையில் கொட்டகை ஒழுகும்போது தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு நிற்பவர்தான். அதனால்தான் உங்களால் அவரிடம் எதிர்த்துப் பேச முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று மாலை மணி கொஞ்சம் தள்ளிப் போனது. மறுநாள் இன்னும் கொஞ்சம். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கையே அழித்துவிட்டு மறுபடி போட்டார். பாசஞ்சர் வண்டிப் பையன்கள், “சார், வண்டி போயிடும் சார்” என்று கால்களைத் தரையில் தேய்த்தார்கள். வயலில் மட்டும் யாரும் நிமிரவில்லை. வெயில் மஞ்சளாகி, வைக்கோல் நிறமும் வானத்து நிறமும் ஒன்றான பிறகும் குனிந்தே இருந்தார்கள். வாழ்நாளெல்லாம் பொழுதைப் பார்த்து வாழ்ந்தவர்கள், ஒப்பந்தம் வந்ததிலிருந்து பொழுதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அஞ்சலை என் காதில் சொன்னாள்: “எங்கம்மா சூரியன நம்பாதுடி. உங்கப்பாவத்தான் நம்பும்.”

நான் அதை உங்களிடம் சொல்லவில்லை. சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் நீங்கள் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பீர்கள்.

பிறகு ஒருநாள் மதியம் காசியம்மா தண்ணீர் எடுக்கப் பள்ளிக்கூடத்து அடி பம்புக்கு வந்தாள். நீங்கள் புங்கமரத்தடியில் நின்றிருந்தீர்கள்.

“என்னா மணிக்காரரே, உங்க மணிக்கு வயசாயிப் போச்சா? சாயங்காலமானா தள்ளாடுதே!”

நீங்கள் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

“நான் அடிக்கிற ஆளுதாம்மா. சொன்னா அடிப்பேன்.”

“சொல்றது யாரு?”

நீங்கள் கம்பியைத் திருப்பி மறுமுனையைத் துடைத்தீர்கள். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

“எங்க பெரியவளுக்குக் கைக்குழந்தை. வரப்புல தூளி கட்டிப் போட்டுட்டு அறுக்குறா. புள்ள பாலுக்கு அழுவுது. இவ மணிக்கு நிக்கிறா. ஒரு நா இல்லாட்டி ஒரு நா கரையேறிடுவா மணிக்காரரே. அன்னிக்கு ரோட்டுல லாரி நிக்கும். வெளியூர் ஆளு இறங்குவான். எங்க ஆம்பளைங்க சும்மா இருக்க மாட்டாங்க.” அவள் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பொழுது சாயும்போது நம் வீட்டு வாசலில் அம்மா உங்களிடம் பேசியதும் என் காதில் விழுந்தது.

“நமக்கெதுக்குங்க? வேல இன்னும் நிரந்தரம் ஆவல. இந்த வூடும் பள்ளிக்கூடத்து வூடு. இவ பதினொண்ணாவது முடிச்சிட்டாளுன்னா டீச்சர் டிரெயினிங் சேத்துடலாம்.”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“நீங்க சொல்லாம இருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு இடம் தெரியாது. யாரும் இல்லாத விடுமுறை நாளில் ஒவ்வொரு வகுப்பாகப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று, காலிப் பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், உதடு மட்டும் அசைய. மணியை நீங்கள் நேரத்துக்கு அடித்தால் அது போய்விடும். அடிக்காவிட்டால் என்ன போகும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நாள் வந்தது. காலையிலேயே டவுன் பஸ் திடலில் ஒரு லாரி நின்றது, அதில் வெளியூர் ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் போலீஸ் வண்டியும் வந்தது. வெண்ணாற்றுப் பக்கத்து மேட்டில் நம் ஊர் ஆண்கள் கூட்டமாகக் குந்தியிருந்தார்கள். அறுக்கிற பெண்கள் நடுவில். காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றார். எல்லாம் எங்கள் பத்தாம் வகுப்புக் கொட்டகையின் அரைச்சுவருக்கு மேலாக எங்களுக்குத் தெரிந்தது. வாத்தியார் சரித்திரம் படித்தார். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்தது. மணி அடிக்க வேண்டிய நேரம் வந்து, தாண்டிப் போனது. தூளியில் குழந்தை அழத் தொடங்கியது. காற்று எங்கள் பக்கம் வீசியதால் அந்த அழுகை வகுப்புக்குள் வந்துவிட்டது. அழுது, இருமி, மறுபடி அழுதது.

அஞ்சலை எழுந்து நின்றுவிட்டாள். வாத்தியார் உட்காரச் சொல்லவில்லை.

“எங்கக்கா அரிவாள கீழ போட்டுட்டாடி,” என்றாள் என்னிடம். அவள் விரல்கள் என் தோளை இறுக்கின.

அவள் அக்கா வரப்பை நோக்கி நடந்து வந்தாள். வரப்பு விளிம்பில் ஒரு கால் வைத்தாள். காரியக்காரர் குடையை அவளுக்குக் குறுக்கே நீட்டினார்.

“மணி அடிச்சிதா?”

“புள்ள அழுவுதுங்க.”

“அது கெடக்கட்டும். மணி அடிச்சிதான்னேன். கால எடுத்து மேல வையி பாப்போம்!”

லாரியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மேட்டில் குந்தியிருந்தவர்களும் எழுந்தார்கள். போலீஸ்காரர்கள் லத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அவள் ஒரு கால் சேற்றிலும் ஒரு கால் வரப்பிலுமாக நின்றாள். நான் தலையைத் திருப்பி உங்களைப் பார்த்தேன்.

நீங்கள் புங்கமரத்தடியில் கம்பியோடு நின்றிருந்தீர்கள். தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். அவர் உங்களைப் பார்க்கவில்லை. “ஐயா” என்று கூப்பிட்டீர்கள். அவர் திரும்பாமலே சொன்னார்: “உனக்குப் பொண்ணு இருக்குய்யா.”

“அவ அங்கதாங்க உக்காந்திருக்கா.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். கையை ஓங்கினீர்கள். முதல் அடி தண்டவாளத்தின் விளிம்பில் பட்டுச் சறுக்கி, கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. யாருக்கும் அது மணி என்றே தெரிந்திருக்காது. இரண்டாவது அடி நடுவில் விழுந்தது. பிறகு நிறுத்தவே இல்லை.

அஞ்சலை அரைச்சுவரைத் தாண்டிக் குதித்தாள். அவளுக்குப் பின்னால் எங்கள் கொட்டகை, அடுத்த கொட்டகை, மரத்தடிப் பிரிவுகள். எத்தனை நாளாக அடைத்து வைத்திருந்த பள்ளிக்கூடம் அது! வண்டியைப் பிடிக்க ஓடியவர்கள் முன்வாசல் வழியாகப் போய் லாரியையும் போலீஸ் வண்டியையும் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாமார் வயலில் இருந்த பிள்ளைகள் பின்பக்கமாகத் திடலைத் தாண்டி வரப்பெல்லாம் வெள்ளைச் சட்டையாக ஓடினார்கள். புத்தகப் பையை வீசிவிட்டு அம்மாவிடம் நெற்கட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொள்வது அவர்களுடைய தினப்படி வேலை. லத்தியோடு இறங்கியவர்கள் பிள்ளைகளுக்கு நடுவில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அஞ்சலையின் அக்கா மறு காலையும் எடுத்து வரப்பில் வைத்தாள். குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து, காரியக்காரருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அழுகை நின்றது.

யார் மேலும் ஒரு கல் விழவில்லை. நீங்கள் அப்போதும் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் தலைமையாசிரியரே வந்து உங்கள் கையைப் பிடித்தார். “போதும்யா. எல்லாரும் போயாச்சு.”

பிறகு நடந்தது சுருக்கம். ஒரு வாரத்துக்குள் உங்களை இனி வர வேண்டாம் என்றார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது தலைமையாசிரியர் தன் அறையிலிருந்து வெளியே வரவில்லை. கீற்றுக் கொட்டகைகள் இன்றும் கீற்றுக் கொட்டகைகள்தான். அரிசி மில்லில் காவல் வேலைக்குப் போனீர்கள். தவிட்டுத் தூசி நெஞ்சில் இறங்கியது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நர்சம்மா மாத்திரை கொடுக்க வரும் நேரத்தைச் சரியாகச் சொல்லுவீர்கள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒன் படிப்பு போச்சேம்மா” என்றீர்கள். நான் ஏதோ சொன்னேன். உங்கள் காதில் விழவில்லை. “என்னா?” என்றீர்கள். மறுபடி சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது.

நீங்கள் போன பிறகு காசியம்மாதான் வந்து, “எங்க வரிசையில வந்து நில்லு, கத்துக் குடுக்கறேன்” என்று என்னைக் கூட்டிப்போனாள். அஞ்சலை இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்பு. மாலையில் ஓடிவந்து என் கட்டையும் வாங்கிக்கொள்வாள்.

இனி நேற்று நடந்தது.

பள்ளிக்கூடத்தில் இப்போது கரண்டு மணி, அப்பா. தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறார்கள். வகுப்புக்குள் நன்றாகக் கேட்கும். காற்று நம் பக்கம் வீசினால்தான் திடலைத் தாண்டும். ஒப்பந்தம் மட்டும் பழைய ஒப்பந்தமே. நேற்று காற்று எதிர்ப்பக்கம் வீசியது; அறுத்ததும் திடலிலிருந்து தள்ளியிருக்கும் வயல், அஞ்சலையும் மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து சேர நேரமாகும். முதுகு விண்டுபோகிற மாதிரி வலித்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்துப் பார்த்துக் குனிந்தார்கள். வரப்பில் அதே காரியக்காரர், அதே குடை.

“என்னா பாக்கறீங்க? மணி அடிக்கல. அறுங்க.”

நான் கட்டுத் தூக்க மேட்டு வரப்பில் ஏறியிருந்தேன். தூரத்தில் ரயில்வே கேட் ஓரம் வெள்ளையாக ஏதோ அசைந்தது. முதலில் கொக்குக் கூட்டம் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது. சட்டைகள். பள்ளிக்கூடம் விட்டு நேரமாகிவிட்டிருந்தது.

காசியம்மாவிடம் போய்க் காதில் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் நாலு பாத்திக்கு அப்பால் குனிந்திருந்தாள். காரியக்காரர் என்னையே பார்த்தார். “கட்டத் தூக்கிட்டு எறங்கு. அங்க என்னா வேடிக்கை?”

வாயைத் திறந்தேன். முதலில் வந்தது வார்த்தையே இல்லை, ஒரு கரகரப்பு. இரண்டாவது தடவை வந்தது.

“பள்ளிக்கூடம் விட்டாச்சு! கரையேறுங்க!”

அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

“யாருடி அவ?” என்றார் காரியக்காரர்.

“எங்க மணிக்காரரு மவதான்,” என்றாள் காசியம்மா, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டே.

“இந்த ஊமைக்கு வாயிருக்கா?”

“இருக்குங்க. நல்லாப் பாருங்க, ரயில்வே கேட்டுக்கிட்ட வெள்ளையா சட்டைங்க தெரியுது. இந்த ஊமைக்குக் கண்ணும் இருக்கு,” என்றாள் காசியம்மா.

அவர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு நடந்துவிட்டார். வரிசை முழுவதும் கரையேறியது. என்னைத் தாண்டும்போது அஞ்சலையின் அக்கா, நடக்கத் தெரிந்துவிட்ட தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். காசியம்மா நின்றாள். “நாளன்னிக்கு வேல இருக்கு. மேட்டு வரப்புல நின்னே அறு,” என்றாள். “பாத்துச் சொல்ல ஆளு வேணும்.”

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பில் மிளகு தட்டிப்போட்டு வெந்நீர் வைத்திருந்தாள். என் சத்தம் நம் குடிசை வரைக்கும் கேட்டதாம். டம்ளரை என் முன்னால் வைத்தாள். தொண்டை இன்றும் கட்டியிருக்கிறது. காலையில் உங்களுக்குப் படைத்த இலைக்கு முன்னால் நின்று, அன்று ஆஸ்பத்திரியில் உங்கள் காதில் விழாததைச் சொல்லிப் பார்த்தேன். குரல் வரவில்லை.

அன்று நான் சொன்னது இதுதான்: நீங்கள் அடித்தது எனக்குக் கேட்டது, அப்பா.